என் வீட்டை எனக்கே தானம் கொடுத்தார்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் நாங்கள் கட்டிக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகாத வீடு. சுண்ணாம்பு வாசனை இன்னும் முழுசாகப் போகவில்லை. ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிப்பதை அடுத்த போனசுக்குத் தள்ளி வைத்திருந்தோம். மாமனார், என் கணவர், கொழுந்தன் மூன்று பேரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாமியார் சுவரோரம் உட்கார்ந்து மீனில் முள் எடுத்து என் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

கொழுந்தனுக்கு வெளிநாட்டு வேலை தகைந்திருந்தது. கோட்டக்குப்பத்தில் அவனோடு படித்த சிநேகிதன் ஒருவன் இருந்தான். அவன் வீட்டில் பாதிப் பேர் வளைகுடாவில். அவர்கள்தான் விசாவுக்கு வழி செய்திருந்தார்கள். நல்ல மனுஷர்கள், ஒரு பைசா கமிஷன் கேட்கவில்லை. ஆனால் டிக்கெட்டுக்கும் மற்ற செலவுக்கும் நாங்கள்தான் பணம் புரட்ட வேண்டும்.

"பேங்க்ல கேட்டுட்டேன்" என்றார் மாமனார். "வூட்டுப் பத்திரத்த வெச்சா குடுக்கறேன்றாங்க. பெரியவன் வந்து ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சிடும். ஜல்தியா பண்ணணும், விசா காத்துக்கினு இருக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விவரம் தெரியாமல் பேசுகிறாரே என்ற சிரிப்பு. "அவரு கையெழுத்து போட்டா எப்படி மாமா ஆவும்? வீடு எம் பேர்லதானே இருக்குது?"

யாரும் சிரிக்கவில்லை. கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். என் கணவர் தட்டில் இல்லாத முள்ளைத் தேட ஆரம்பித்தார். மாமியார் குழந்தையின் வாய்க்கு அருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார்.

"உம் பேர்ல இருக்குதுன்னு யாரும்மா சொன்னது?" என்றார் மாமனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்பதைப் போலக் கேட்டார். பிறகு தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, "ரசம் இருந்தா ஊத்து" என்றார்.

ஊற்றினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகும் என் கை ரசச் சட்டியை எடுத்து அவர் தட்டில் ஊற்றியது.

நான் விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வளவனூரில் எங்கள் அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும் விளையும் கொஞ்சம் நிலம் இருந்தது. எனக்குப் போட்ட நகையெல்லாம் அந்தக் கரும்பில் வந்ததுதான். என் கணவர் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மொத்த வியாபாரம் நடக்கிற இடத்தில், கணக்கு எழுதினார். அவருடைய சம்பளம் அரிசி பருப்புக்கும் அவர் அப்பா அம்மாவுக்கும் சரியாக இருக்கும். அதை நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. தினமும் பாசஞ்சரில் விழுப்புரம் போய் வருவேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்த்துக்கொண்டே போகும்போது என் மனசில் ஒரே ஒரு கணக்குதான் ஓடும். எப்போது சொந்த வீடு?

எங்கள் எக்ஸ்சேஞ்சில் கூட வேலை செய்த ஒரு அக்காவின் உறவுக்காரர் திண்டிவனத்திலேயே கிடங்கல் பக்கம் தன் நிலத்தை மனை போட்டு விற்றார். நான்தான் போய்ப் பார்த்தேன். நான்தான் விலை பேசினேன். ஆரத்தையும் வளையல்களையும் விற்றேன். கழுத்தில் தாலிக்கொடி தவிர எதுவும் இல்லாமல் ஒரு வருஷம் வேலைக்குப் போனேன். கிரயம் பதிகிற அன்று தேர்தல் சமயம். அழைப்புகளை இணைக்கிற போர்டில் ஆள் போதாமல் யாருக்கும் லீவு இல்லை.

"நீ எதுக்கு வரணும்?" என்றார் மாமனார். "விக்கறவன் வந்து கையெழுத்து போட்டா போதும். வாங்கறவங்க வரணும்னு சட்டமே இல்ல. நான் போய் முடிச்சிட்டு வர்றேன்."

உண்மைதான், அப்போது அப்படித்தான் இருந்தது. என் பெயர், என் அப்பா பெயர், கணவர் பெயர், வயது எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் தெளிவாக எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறினேன். அந்தக் காகிதத்தை அவர் என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் வந்து, "எல்லாம் முடிஞ்சிச்சும்மா" என்றார். நான் கடையில் வாங்கிக்கொண்டு வந்த மைசூர்பாகை எல்லோருக்கும் கொடுத்தேன். பத்திரம் அவர் பெட்டிக்குள் போனது, வாங்கிப் படித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு எங்கள் ஊழியர் கூட்டுறவு சொசைட்டியில் என் சம்பளத்தின்பேரில் கடன் எடுத்து வீட்டைக் கட்ட ஆரம்பித்தோம். பிளான் அப்ரூவலுக்கு நகராட்சிக்கு அலைந்தது, கரண்டு கனெக்‌ஷன் வாங்கியது, வீட்டு வரி கட்டியது எல்லாம் என் கணவர். நான் டியூட்டி முடிந்து களைத்து வருகிறேன் என்று எனக்காக அவரே அலைகிறாரே என்று அப்போது எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! எக்ஸ்சேஞ்சில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அத்தனை காகிதத்திலும் அவர் பெயர் இருந்தது. நான் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அத்தனை அலைச்சலும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எல்லோரும் கை கழுவிய பிறகு, கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் அவரைக் கூப்பிட்டேன்.

"எப்பத்துலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?"

அவர் கிணற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரிஜிஸ்டர் ஆன அன்னிக்கே அப்பா சொன்னாரு."

"அன்னிக்கேவா? அதுக்கப்புறம் இத்தினி வருஷமா எங்கூட இருந்துக்கினு, எங்கூட சாப்பிட்டுக்கினு, வாயே தொறக்கலியே?"

"சொன்னா நீ சண்ட போடுவே. அப்புறம் மாத்தி எழுதணும்பே. அதுக்கு வேற ஸ்டாம்பு செலவு. எம் பேர்ல இருந்தா இன்னா, உம் பேர்ல இருந்தா இன்னா? நம்ம வீடுதானே?"

"ரெண்டும் ஒண்ணுன்னா எம் பேர்லியே எழுதியிருக்கலாமே?"

அவர் வாளிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "பொம்பள பேர்ல எழுதுனா நாளைக்கு அவ அண்ணன் தம்பிங்க வந்து நிப்பாங்கன்னு அப்பா பயந்தாரு" என்றார்.

என் அண்ணன் அந்த வீட்டுக் கூரைக்குக் கம்பி இறக்க வளவனூரிலிருந்து வாடகை லாரியில் வந்தவன். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் பஸ் பிடித்துப் போனவன். அவன் வந்து நிற்பானாம்.

"நீ என்னய ஏமாத்திட்டே" என்றேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை நான் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அந்த 'நீ' எப்படி வந்ததென்று எனக்கே தெரியவில்லை. அவர் கன்னத்தில் அறை வாங்கியவர் போல என்னைப் பார்த்தார். அந்த ஒரு எழுத்துக்கு அவருக்கு வலித்தது. இத்தனை வருஷம் எனக்குச் செய்தது அவருக்கு வலிக்கவில்லை.

விழுப்புரம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். வயதானவர். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். நகை விற்ற ரசீது, சொசைட்டிக் கடன் பிடித்த சம்பளச் சீட்டுகள் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் போட முடியாதும்மா" என்றார்.

"ஏன் சார்? பணம் என்னுதுன்னு இதுல தெளிவா இருக்குதே?"

"இருக்கு. ஆனா பினாமிச் சொத்துக்குப் புதுசா ஒரு சட்டம் வந்திருக்கு. ஒருத்தர் பணத்துல இன்னொருத்தர் பேர்ல வாங்கினா, பணம் கொடுத்தவர் அது என்னுதுன்னு கோர்ட்டுக்கு வரக் கூடாது. யார் பேர் பத்திரத்துல இருக்கோ அவங்களுதுதான்."

"வீட்டுக்குள்ளியே நடந்ததுக்குமா சார்?"

"அதுக்கு விலக்கு கொடுத்திருக்காங்க. புருஷன் தன் பொண்டாட்டி பேர்ல வாங்கலாம். கல்யாணமாகாத பொண்ணு பேர்ல வாங்கலாம்."

"பொண்டாட்டி புருஷன் பேர்ல வாங்கினா?"

"அதுக்கு விலக்கு இல்ல."

"ஏன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படி ஒண்ணு நடக்கும்னு சட்டம் எழுதினவங்க நெனச்சிருக்க மாட்டாங்கம்மா."

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் என்னிடம் பீஸ்கூட வாங்கவில்லை. ஆனால் நான் படி இறங்கும்போது எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் எக்ஸ்சேஞ்சில் போர்டு முன்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பெண்களும் சம்பளம் வாங்கினார்கள். ஸ்கூலில், ஆஸ்பத்திரியில், தாலுக்கா ஆபீசில் எத்தனை பெண்கள்! இவர்களில் ஒருத்தி காசு சேர்த்து ஒரு மனை வாங்குவாள் என்று டெல்லியில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷனுக்கும் தோன்றவில்லை.

வக்கீல் ஒரு வழி சொன்னார். என் கணவர் தானாக மனசு வந்து வீட்டை என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் ஒருவருக்கொருவர் தானமாகக் கொடுக்கிற பத்திரம். ஒருமுறை எழுதிப் பதிந்துவிட்டால் அவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. "ஆனா அவர் இஷ்டப்பட்டு எழுதணும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டில் கேட்டேன். மாமனார்தான் பேசினார். "ஆம்பள பேர்ல இருக்கற சொத்த பொம்பளைக்கு எழுதிக் குடுத்தா நாலு பேர் இன்னா நெனைப்பான்? எம் மவன் கையாலாவாதவன்னு நெனைக்க மாட்டான்? தேவையில்லாத பேஜாரு பண்ணாதம்மா."

மறுநாள் காலை என் துணிகளையும் மகளின் துணிகளையும் ஒரு பெட்டியில் எடுத்து வைத்தேன். மாமியார் மட்டும் கதவுவரை வந்தார். "போவாதம்மா" என்றார். "யார் வீட்ட உட்டு யாரு போறது அத்த?" என்றேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

விழுப்புரத்தில் எக்ஸ்சேஞ்சுக்கு அருகில் ஒரு வீட்டில் ஒரு அறையும் சின்னச் சமையல் இடமும் வாடகைக்குக் கிடைத்தன. வீட்டுக்கார அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்டுக்காரர் இன்னா பண்றாரு?" வீட்டுக்காரர்! நம் பாஷையிலேயே புருஷனுக்கு அதுதான் பெயர். வீட்டை அவனுக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் நமக்குப் பேசவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொசைட்டிக் கடனுக்கு என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் இல்லாத வீட்டுக்கு நான் கட்டினேன். மிச்சத்தில் வாடகையும் கட்டினேன்.

ஒரு நாள் போர்டில் திண்டிவனம் லைனின் விளக்கு எரிந்தது. எடுத்து, "விழுப்புரம்" என்றேன்.

"நான்தான்" என்றார் என் கணவர். மண்டியிலிருந்து ட்ரங்க் கால் போட்டிருந்தார்.

"எந்த நம்பர் வேணும்?"

"நம்பர் ஒண்ணும் வேணாம். வீட்டுக்கு வா."

"எந்த வீட்டுக்கு?"

பக்கத்து போர்டில் இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"கொழந்த எப்படியிருக்கா?"

"நல்லா இருக்கா. ஸ்கூல் மாத்திட்டேன்."

"அப்பாகிட்ட சொல்லிக்கினுதான் இருக்கறேன். கொஞ்ச நாள் பொறு."

"பத்திரத்துல இருக்கறது உங்க பேரு. உங்கப்பா பேரு இல்ல. நீங்க யாருகிட்ட இன்னா கேக்கணும்?"

என் கண் கடிகாரத்தில் இருந்தது, ட்ரங்க் காலை மூன்று மூன்று நிமிஷமாகக் கணக்கிடுகிற தொழில் பழக்கம். "மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டென்ட் பண்றீங்களா?" என்றேன். யாரிடமும் சொல்கிற அதே குரலில்தான் சொன்னேன். அவர் "வேணாம்" என்றார். லைனைத் துண்டித்தேன். அடுத்து வந்த பாண்டிச்சேரி அழைப்பை நான் சரியாகவே போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் எழுந்து போய்ப் பாத்ரூமில் சுவரை உதைத்தேன். கால் விரல் வீங்கி இரண்டு வாரம் செருப்பு போட முடியவில்லை.

இதற்கு நடுவில், கிளியனூரில் இருந்த என் கணவரின் அத்தை வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. அந்த அத்தை பஸ் ஏறி விழுப்புரத்துக்கே வந்து, நான் தங்கியிருந்த அறையில் தரையில் உட்கார்ந்து, தட்டில் பழம் வைத்து அழைத்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மரியாதைக்காகப் போனேன்.

சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். என் கணவரின் பெரியப்பா ஒருவர், நல்ல சத்தமாகப் பேசுகிறவர், ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டு என் கணவரின் தோளில் தட்டினார். "எங்க பையன பாருங்கப்பா. மண்டியில கணக்கு எழுதிக்கினே திண்டிவனத்துல மாடி வைக்கற மாதிரி வீடு கட்டிட்டான். கெட்டிக்காரன்! நம்ம வகையறாவுல யாரு இந்த வயசுல வீடு கட்டுனது?"

மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டு தலையாட்டினார். மகனைப் பற்றிச் சொன்னதில் அவர் முகமெல்லாம் பூரிப்பு.

நான் எழுந்து நின்றேன். திட்டம் போட்டு எழுந்திருக்கவில்லை. உட்கார முடியவில்லை, எழுந்தேன்.

"பெரிய மாமா, அவர ஒரு கேள்வி கேளுங்க. அந்த மனைய யாரு நகைய வித்து வாங்குனாங்கன்னு கேளுங்க. கட்டுன கடன இன்னைக்கும் யாரு சம்பளத்துல புடிக்கறாங்கன்னு கேளுங்க."

சமையல் கட்டில் அண்டா உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாமனார், "இந்தாம்மா, உக்காரு" என்றார். "சபையில பொம்பள பேசறதா?"

"சபையில பொய் பேசலாமா மாமா?"

பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் உண்மையிலேயே வெள்ளந்தி. என் கணவர் பக்கம் திரும்பி, "ஏம்பா, இன்னாப்பா சொல்லுது இது?" என்று கேட்டார்.

என் கணவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். இந்த மனுஷன் இப்போதும் வாய் திறக்க மாட்டார் என்று நான் நினைத்தேன். திறந்தார்.

"அது சொல்றது நெசம் பெரியப்பா. அதோட நகைதான். அதோட சம்பளம்தான். நான் ஒரு செங்கல்லுகூட வாங்கல."

சொல்லிவிட்டு அப்பாவின் பக்கம் பார்க்காமல் எழுந்து பந்தலுக்கு வெளியே போய்விட்டார். மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். எனக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை. "வீட்டோட பேச வேண்டியத இங்க வந்து பேசுனா நல்லாவா இருக்குது?" என்று இரண்டு பெண்கள் என் காதில் விழும்படி சொன்னார்கள். இருவருக்கும் கழுத்து நிறைய நகை இருந்தது. நான் பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் அவரே விழுப்புரத்துக்கு வந்தார். எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எழுதிடலாம். நீயே தேதி சொல்லு" என்றார். அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திண்டிவனம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரில் பத்திரம் எழுதுகிறவர்கள் வரிசையாகப் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவரிடம் மூலப்பத்திரத்தைக் கொடுத்து, முத்திரைத்தாள் வாங்கச் சொன்னோம். அந்தச் செலவும் என்னுடையதுதான். என் வீடு என் பெயருக்கு வர நான் இரண்டாம் தடவை அரசாங்கத்துக்குப் பணம் கட்டினேன். சாட்சிக்கு எக்ஸ்சேஞ்ச் அக்காவும் மண்டியிலிருந்து ஒருவரும் வந்திருந்தார்கள். எழுத்தர் எழுதி முடித்துவிட்டு, வழக்கப்படி சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"... நீர் என் மனைவியானதாலும், உம்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், உமது பிற்கால ஜீவனத்துக்கு ஓர் ஆதரவு ஏற்படுத்த வேண்டியும், நான் என் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் பெற்று வீடு கட்டி ஆண்டு அனுபவித்து வருகிற கீழ்க்கண்ட சொத்தை உமக்குத் தானமாக ..."

"நிறுத்துங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"யாரு சம்பாத்தியம்?"

"இது வழக்கமா எழுதறதும்மா."

"வழக்கம் இருக்கட்டும். அது பொய். எஞ்சம்பாத்தியம்னு எழுதுங்க. நகைய வித்து வாங்குனதுன்னு எழுதுங்க. எல்லாத்துக்கும் ரசீது இருக்குது."

எழுத்தர் என் கணவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பொறுமையாகத்தான் சொன்னார். "அம்மா, அப்படி எழுதுனா இது பினாமின்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆவும். நாளைக்கு உங்களுக்குத்தான் வம்பு. அவரோட சொத்துன்னு இருந்தாத்தான் அவரு குடுக்க முடியும்."

வக்கீல் சொன்னதும் அதுதான். எனக்கு உண்மை வேண்டுமென்றால் வீடு கிடையாது. வீடு வேண்டுமென்றால் பொய்க்கு நான் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும்.

"சரி. அந்த அன்பு, பிரியம், ஆதரவு, அதையாவது அடிங்க."

"அது இல்லாம செட்டில்மென்ட் எழுத முடியாதும்மா. காசு வாங்காம குடுக்கறதுக்கு ஒரு காரணம் காட்டணும் இல்ல? அன்புதான் காரணம்."

மண்டியிலிருந்து வந்த சாட்சி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் கணவர் மெதுவாக, "அது இருக்கட்டுமே. அது பொய் இல்லியே" என்றார்.

அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அன்பு இருந்திருக்கிறது. என் தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிட்டபோது இருந்திருக்கிறது, ரயில் லேட்டாகிற நாட்களில் குடையோடு ஸ்டேஷனில் வந்து நின்றபோது இருந்திருக்கிறது. அந்த அன்போடுதான் ஒவ்வொரு மாசமும் என் சம்பளத்தை வாங்கித் தன் பெயரில் இருக்கிற சுவருக்குப் பூச்சு பூசியிருக்கிறார்.

"படிங்க" என்றேன் எழுத்தரிடம்.

உள்ளே சார்பதிவாளர் ஒரு பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஃபேன் கட்டுக் கட்டாகக் காகிதங்களைப் படபடக்க வைத்தது. என் கணவரைப் பார்த்து, "நீங்களா இஷ்டப்பட்டு எழுதிக் குடுக்கறீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலியே?" என்று கேட்டார்.

"இஷ்டப்பட்டுதான் சார்."

கட்டைவிரலில் மை தடவி அழுத்தினார்கள். கையெழுத்து வாங்கினார்கள். சார்பதிவாளர் பத்திரத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். தப்பான சிரிப்பு இல்லை, பெரிய மனுஷத்தனமான சிரிப்பு. "குடுத்து வெச்ச மகராசிம்மா நீ. இந்தக் காலத்துல எந்தப் புருஷன் கட்டுன வீட்ட பொண்டாட்டிக்கு எழுதி வெக்கறான்?"

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து வெட்கப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

"இது நான் வாங்குன வீடு சார்" என்றேன்.

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அதெல்லாம் பத்திரத்துல இல்லியேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று அழுதேன். எக்ஸ்சேஞ்ச் அக்கா, "அதான் உம் பேருக்கு வந்திருச்சே, அப்புறம் எதுக்கு அழுவறே?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜெயித்துவிட்டு வந்தவளுக்கு இருக்க வேண்டிய சந்தோஷம் எனக்குள் எங்கேயும் இல்லை. ஊரில் ஒரு நல்ல புருஷன் உருவாகிவிட்டார். அரசாங்க முத்திரையோடு. அந்தப் பத்திரத்தின் நகலை இன்றைக்கு யார் எடுத்துப் பார்த்தாலும், ஒரு தாராள மனசுக்காரர் தன் உழைப்பில் கட்டிய வீட்டைத் தன் மனைவிக்குக் கொடுத்தார் என்றுதான் படிப்பார்கள்.

வீட்டுக்குத் திரும்பினேன். மாமனார் அதற்குள், முன்பு எல்லோரும் குடியிருந்த தன் பழைய வீட்டுக்கே போய்விட்டிருந்தார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. மாமியார் எப்போதாவது பகலில் வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போவார். மாமனார் கடைசிவரை என் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. என் வீடு என்பதை அந்த விதத்திலாவது அவர் ஒருவர்தான் முழுசாக ஒப்புக்கொண்டார். நான் போன பிறகு அடகுப் பேச்சு நின்று, கொழுந்தனின் பயணமும் தள்ளிப்போயிருந்தது; அவனுக்கு நானே சொசைட்டியில் இன்னொரு சின்னக் கடன் எடுத்துக் கொடுத்தேன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் போய்ச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டான்.

என் கணவரோடு தொடர்ந்து வாழ்ந்தேன். அவர் மாறினார் என்றும் சொல்லலாம். எந்தக் காகிதம் வந்தாலும் படித்துக் காட்டிவிட்டுத்தான் மடித்து வைப்பார். நான் மறுபடி அவரை 'நீங்க' என்றே கூப்பிட ஆரம்பித்தேன், ஆனால் அது அலுவலகத்தில் மேலதிகாரியைக் கூப்பிடுகிற மாதிரிதான் ரொம்ப நாள் இருந்தது. சில கோபங்கள் ஆறுவதில்லை. அவற்றோடு சேர்ந்து சமைக்கவும் தூங்கவும் பழகிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

எக்ஸ்சேஞ்சில் இந்த விஷயம் பரவியது. எனக்கு அடுத்த போர்டில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், அப்போதுதான் வளவனூர் பக்கம் மனை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் டீ குடிக்கும்போது அவளிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். வக்கீல் சொன்னது, எழுத்தர் சொன்னது, கிரயம் பதிகிற அன்று கட்டாயம் லீவு போட்டு நேரில் போக வேண்டும் என்பது எல்லாம். கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டாள். "நல்ல வேளக்கா, சொன்னீங்க" என்றாள்.

அடுத்த மாசம் லீவு போட்டாள். திரும்பி வந்ததும் லட்டு கொடுத்தாள்.

"உம் பேர்லதானே?" என்றேன்.

அவள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். "இல்லக்கா. அவரு பேர்லதான். நான் சொன்னேன். ஆனா அவரு ரொம்ப மனசு ஒடைஞ்சி போயிட்டாரு. 'உங்கக்கா வீட்டுக்காரர் மாதிரியா என்னயும் நெனைக்கறே'ன்னு கேட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

நான் பதில் சொல்வதற்குள் அவள் போர்டில் விளக்கு எரிந்தது. பிளக்கைச் சொருகி, சிரித்த குரலில், "விழுப்புரம்" என்றாள். லட்டை நான் சாப்பிடவில்லை. காகிதத்தோடு கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.